கோப்பையில் பை சுமந்தவர்களின் பெயரும் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியைப் பற்றி ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பரிசுத்தொகை, வெளிநாட்டு நட்சத்திரங்கள், குர்கான் மைதானத்தின் கெடுபிடி எல்லாம் விலாவாரியாக வந்திருந்தன. கூடவே, 'இது பணக்காரர்களின் ஆட்டம்' என்ற பழைய பல்லவியும். கிளப்பில் உறுப்பினர் ஆவதைப் பற்றிய பேச்சு என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் அறுபது ஆண்டு வரலாறு என்று தலைப்புப் போட்டுவிட்டு, கோப்பையை வென்ற இந்தியர்களை ஒரே வரியில் கடந்து போனதுதான் பொறுக்கவில்லை.

போட்டி தொடங்கியது 1964-இல், டெல்லி கோல்ஃப் கிளப்பில். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சன் இதற்காக மெனக்கெட்டார். முதல் கோப்பையையும் அவரே வாங்கிக்கொண்டார். 1966-இலும் 1976-இலும் மறுபடி வென்றார். நடுவில் 1965-இல் பி.ஜி. சேத்தி என்ற அமெச்சூர், அதாவது காசுக்காக ஆடாதவர், கொல்கத்தாவில் தொழில்முறை ஆட்டக்காரர்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு வென்றார். பரிசுப் பணத்தைத் தொட அமெச்சூருக்கு உரிமை இல்லை, கோப்பை மட்டும்தான். அவருக்குப் பிறகு வேறெந்த அமெச்சூரும் இதை வெல்லவில்லை. உங்கள் அட்டவணையில் சேத்தியின் பெயர் இருக்கிறது, அவர் அமெச்சூர் என்ற குறிப்பு இல்லை.

இந்தியாவில் கோல்ஃப் போட்டி அதற்கும் வெகு முன்பே உண்டு. அகில இந்திய அமெச்சூர் போட்டி 1892-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. அது மேட்ச் பிளே, அதாவது இருவர் நேருக்கு நேர் மோதுவது. ஒரு குழியில் பத்து அடி அடித்துச் சொதப்பினாலும் போவது அந்த ஒரு குழிதான். அடுத்த குழியில் சமன் செய்துகொள்ளலாம். ஓப்பன் அப்படியல்ல, ஸ்ட்ரோக் பிளே. நான்கு நாள், 72 குழி, பந்தை அடித்த அடி அத்தனையும் கணக்கில் ஏறும்; மொத்தம் குறைவாக இருப்பவருக்கே கோப்பை. வியாழக்கிழமை காலை புதரில் தொலைத்த இரண்டு அடிக்கு ஞாயிறு மாலை பதில் சொல்லியாக வேண்டும்.

டெல்லி மைதானத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பழைய கல்லறை மண்டபங்களுக்கு நடுவே, இருபுறமும் முள்ளும் புதருமாக ஒடுங்கிப்போகும் பாதைகள். தூரமாக அடிப்பவனைவிட, எங்கே அடிக்கக் கூடாது என்று தெரிந்தவனுக்குத்தான் அங்கே வேலை. அது யாருக்குத் தெரியும்? வருடக்கணக்கில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மணலைச் சமன்படுத்தி, குழியைச் சுற்றியுள்ள பச்சைத் தரையின் சரிவை இன்னொருவருக்காகக் கணித்துச் சொன்னவனுக்கு. சேத்திக்குப் பிறகு 26 ஆண்டுகள் எந்த இந்தியரும் வெல்லாத கோப்பையை 1991-இல் வென்ற அலி ஷேர் அப்படி வந்தவர்தான். டெல்லி கிளப்பில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்த கேடி (caddie). கோப்பையை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர். ஏதோ ஒருமுறை மாட்டியது என்று யாரும் சொல்லிவிடாதபடி 1993-இல் இன்னொரு முறை வென்றார்.

அர்ஜுன் அட்வால், மூன்று முறை வென்ற ஜோதி ரந்தாவா, 2015-இல் வென்ற அனிர்பன் லாஹிரி ஆகியோரின் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. ரந்தாவாவும் லாஹிரியும் ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகள்; மைதானத்தின் வாசல் அவர்களுக்குக் கொஞ்சம் எளிதாகத் திறந்தது, அவ்வளவுதான். 2009-இல் கொரிய வீரர் ஒருவரை பிளேஆஃபில், அதாவது சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில், தோற்கடித்த சி. முனியப்பா எங்கள் பெங்களூருக்காரர், இங்கே கேடியாக இருந்தவர். கோப்பையோடு அவர் நின்ற படம் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்தது. தமிழில் அன்றைக்கு நான் தேடிய வரையில் ஒரு பெட்டிச் செய்திகூடக் கண்ணில் படவில்லை.

எஸ்.எஸ்.பி. சௌராசியாவுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். பையன் அதே புல்தரையில் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைப் படித்தவர். பயிற்சியாளர் என்று யாரும் கிடையாது. தூரம் அடிக்க மாட்டார். பச்சைத் தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் அவரை அசைக்க முடியாது. பந்தைப் பச்சைத் தரைக்குத் தூக்கிப் போடும் சிப், குழிக்குள் உருட்டும் பட் இரண்டையும் சேர்த்து 'சிப்புட்சியா' என்றே கூட ஆடுபவர்கள் கூப்பிட்டார்கள். 2015-இல் கடைசி நாள் தொடங்கும்போது லாஹிரியைவிட ஏழு அடி முன்னிலையில் இருந்தார். அத்தனையும் கரைந்து, பிளேஆஃபில் லாஹிரியிடமே தோற்றார். அதற்கு முன்பும் இதே போட்டியில் இரண்டாம் இடத்தோடு திரும்பிய அனுபவம் அவருக்கு உண்டு. வேறொருவராக இருந்தால் ராசியில்லை என்று ஒதுங்கியிருப்பார். மறு வருடம் டெல்லியில் லாஹிரியைப் பின்னுக்குத் தள்ளிக் கோப்பையை வாங்கினார். 2017-இல் குர்கானின் அந்தப் பொல்லாத மைதானத்தில் ஏழு அடி வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். முந்தி நழுவவிட்ட அதே ஏழு!

அதற்குப் பிறகு 2025 வரை கோப்பை இந்தியர் கைக்கு வரவில்லை. ஐரோப்பியன் டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரோடு சேர்ந்த பிறகு போட்டி கடுமையாகிவிட்டது என்று உங்கள் கட்டுரையாளர் காரணம் சொல்கிறார். பாதி சரி. சௌராசியாவின் இரண்டு வெற்றிகளும் அந்தச் சேர்க்கைக்குப் பிறகு வந்தவைதானே? இப்போதைய இளம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அகாடமியில் கட்டணம் கட்டிப் பயின்றவர்கள். கேடிகளுக்கு ஆட நேரமும் பழைய மட்டையும் கொடுத்து வளர்த்துவிடும் வழக்கம் கிளப்புகளில் தேய்கிறதா, இல்லையா? யாராவது நேரில் போய் விசாரித்து எழுத வேண்டும். அதை உங்கள் நிருபரே செய்யலாம்.

அடுத்த இந்தியன் ஓப்பன் வரும்போது சேத்தி, அலி ஷேர், முனியப்பா, சௌராசியா நால்வருக்கும் ஆளுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வெளிநாட்டு நட்சத்திரங்களின் படங்களைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு