கேமரா வந்தா பழைய பிளேடைத் தூக்கிப் போட்டுரணுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை மருத்துவப் பக்கத்துல மூக்கு வழியா மூச்சுக்குழாய்க்குள்ள ட்யூப் போட்டு மயக்கம் குடுக்கறதப் பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாவ, கடைசியில போட்ட அந்த ஒரு வரிதான் மனச அறுக்குது. வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்துட்டு, அதாவது நாக்கத் தூக்கிக் குரல்வளையப் பாக்கற பிளேடுல கேமரா வச்ச கருவி, இனிமே கேமரா இல்லாத பழைய கருவிக்கு வேலையே இல்ல, எப்பேர்ப்பட்ட சிக்கலான ஆளுக்கும் ட்யூப் போடறது எளிதுன்னு முடிச்சிருக்காவ. ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க டாக்டருக்கு ட்யூபும் பிளேடும் எடுத்துக் குடுத்தே சர்வீஸ் முழுக்க ஓட்டினவ நான், அதனால சும்மா விட முடியல.

வாய்ப் புத்துநோய், தாடை எலும்பு முறிவு, இதுக்கெல்லாம் சர்ஜன் வாய்க்குள்ளதான் வேலை செய்யணும், ட்யூப் மூக்கு வழியாத்தான் போகணும், உங்களுக்குத் தெரியாததில்ல. வீடியோ வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல. 1943ல மெக்கின்டாஷ்ங்கற மயக்க டாக்டர் உண்டாக்கின வளைஞ்ச பிளேடுல டாக்டர் கண்ணும் குரல்வளையும் நேருக்கு நேர் வந்தாத்தான் பாதை தெரியும், கழுத்துல அடிபட்டுக் காலர் போட்டு வர்றவங்கள அப்படி அண்ணாக்க வைக்க முடியாது. வீடியோவுல பிளேடு நுனிக்குப் பக்கத்துலயே கேமரா இருக்கறதால அவ்வளவு தூக்க வேண்டாம். ட்யூப் போட முடியாம தோத்துப்போறது வீடியோவுல குறையுதுன்னு பல ஆய்வுகளச் சேத்துப் பாத்து 2022ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொல்லுது. மூக்கு வழிக்கு இன்னொரு லாபமும் உண்டு, மேகில் ஃபோர்செப்ஸ்ங்கற நீளமான இடுக்கி போட்டு ட்யூபைப் பிடிச்சு இழுக்க வேண்டிய தேவை குறையும், அந்த இடுக்கிப் பல்லு பட்டு கஃப், அதாவது ட்யூப் நுனிக்கிட்ட இருக்கற காத்துப் பை, கிழிஞ்ச ட்யூபுகள நானே கழட்டிக் குடுத்திருக்கேன்.

ஆனா ஸ்கிரீன்ல தெரியறது வேற, ட்யூப் உள்ள போறது வேற. மூக்கு ரெண்டுலயும் சொட்டு மருந்து விட்டு, ட்யூபை வெதுவெதுப்பான சலைன்ல, உப்புத்தண்ணியில, போட்டு மெத்துன்னு ஆக்கி, ஜெல்லி தடவி பைய விடணும். ஸ்கிரீன்ல குரல்நாண் ரெண்டும் பளிச்சுன்னு வெள்ளையாத் தெரியும், ட்யூப் நுனி மட்டும் பின்பக்கமா உணவுக்குழாய்ப் பக்கம் முட்டிக்கிட்டே நிக்கும். டாக்டர் ட்யூபைத் திருகுவாரு, என்னைக் கழுத்த வெளியிலேருந்து அமுக்கச் சொல்லுவாரு, அதுக்கும் வரலன்னா "சிஸ்டர், கஃப்ல காத்து ஏத்துங்க"ன்னு சொல்லுவாரு. சிரிஞ்சுல காத்து ஏத்துனதும் நுனி மேல எழும்பி வாசலுக்கு நேரா வரும், உடனே காத்த எறக்கிட்டு உள்ள தள்ளுவாரு. இது எந்தக் கேமராவுலயும் இல்ல, கையில இருக்கு. எத்தன தெளிவாத் தெரிஞ்சாலும் வெளிய விடற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு வருதான்னு காட்டுற கேப்னோகிராஃப்ல அலை வந்தாத்தான் ட்யூப் சரியான எடத்துல இருக்குன்னு நம்பணும், அதையும் கட்டுரையில காணல.

மூக்குல ரத்தம் வந்துட்டா இன்னும் மோசம். ஒருக்க ஒரு பையன், பைக்குல விழுந்து தாடை உடைஞ்சு வந்தவன், ட்யூப் மூக்குக்குள்ள போனதுமே ரத்தம் பொங்கிட்டு. கேமரா லென்ஸ் மேல ரத்தம் படிஞ்சு ஸ்கிரீன் முழுக்க செவப்பு, தொடச்சுத் தொடச்சுப் போட்டாலும் அதே கதைதான். ரத்தத்துல ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் எறங்க ஆரம்பிச்சதும் டாக்டர் சாதாரண பிளேடைக் கேட்டாரு, ஒரு கையில பிளேடு, நான் ரத்தத்த உறிஞ்சற சக்ஷன் குழாயப் பிடிக்க, ஃபோர்செப்ஸால நுனியத் தூக்கி உள்ள வச்சாரு. அந்தப் பையன் இன்னைக்கு மார்த்தாண்டத்துல வேலைக்குப் போறான். அந்த பிளேடைத்தான் வேலையில்லாததுன்னு உங்க பேப்பர் எழுதிட்டு.

இதவிடப் பெரிய விஷயத்தையே விட்டுட்டாவ. நம்ம மாவட்டத்துல வெத்தல, பாக்கு, பொயில போடறவங்க எவ்வளவு பேருன்னு உங்களுக்கே தெரியும். பாக்கால வாய் உள்ள தழும்பு மாதிரி இறுகிப்போய் ஒரு விரல்கூட நுழையாத ஆளு வந்தா, வீடியோ பிளேடும் போகாது, சாதா பிளேடும் போகாது. அவங்களுக்கு முழிப்பா வச்சே மரத்துப்போற மருந்து குடுத்து மூக்கு வழியா வளையுற ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் விட்டுத்தான் ட்யூப் போடணும். அந்த ஸ்கோப்பும் அத ஓட்டத் தெரிஞ்ச கையும் பக்கத்துல இல்லன்னு திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏத்தி அனுப்பின ஆளுகள நான் பாத்திருக்கேன். களியக்காவிளை ரோட்டுல ஆம்புலன்ஸ் நெரிசல்ல நிக்கற கதையையாவது நீங்க தொடர்ந்து எழுதுனா என்ன?

சொல்ல வந்துட்டேன், மத்ததையும் சொல்லிருதேன். ஆபரேஷன் நல்லா முடிஞ்சா உங்க பேப்பர்ல சர்ஜன் போட்டோ வரும், மயக்க டாக்டர் பேரு கூட வராது. ஏதாவது ஆயிட்டுன்னா மட்டும் விசாரணை முடியறதுக்கு முன்னாலயே "மயக்க ஊசி போட்டதும் பலி"ன்னு கொட்டை எழுத்து. அந்தத் தலைப்பைப் பாத்துட்டு ஆபரேஷனே வேண்டாம்னு எழுந்து போன அம்மாவ சமாதானப்படுத்தினது நாங்கதான். ட்யூப் போடக் கஷ்டமா இருக்குமான்னு தெரிஞ்சுக்க வாயைத் திறந்து நாக்க நீட்டச் சொல்லிப் பாக்கறாவல்லா, அந்த மல்லம்பட்டி கணக்கே ஆந்திராவுல பெறந்த ஒரு மயக்க டாக்டர் 1985ல எழுதினது, அவரப் பத்தி ஒரு பத்தி போடத் தோணல உங்களுக்கு. புது மெஷின் வந்தா ரிப்பன் வெட்டற போட்டோ வருது, ஆறு மாசம் கழிச்சு அது சார்ஜ் நிக்குதா, பிளேடு ஸ்டாக் இருக்கான்னு யாரும் வந்து கேக்கறதில்ல. இதப்பத்தி முன்னாலயும் எழுதினேன், நீங்க போடல. வருத்தம் உண்டு.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க. கூடவே ஒரு சின்னப் பெட்டிச் செய்தி: ஆபரேஷனுக்கு முன்னால மயக்க டாக்டர்ட்ட என்னென்ன மறைக்காம சொல்லணும்னு. வாய் மூணு விரல் நுழையுற அளவுக்குத் திறக்குமா, மூக்குல அடைப்போ ரத்தம் வர்ற பழக்கமோ உண்டா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுதாங்களா, பல்லு ஆடுதா, முன்னால மயக்கம் குடுத்தப்போ ட்யூப் போடக் கஷ்டப்பட்டாங்களா, பாக்கு போடுதாங்களா. இவ்வளவுதான். கடிதம் நீளம்னா சுருக்கிக்கிடுங்க, திருத்தத்தை மட்டும் சுருக்காம அதே மருத்துவப் பக்கத்துல போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.