கேப்டன் ரோசிக்கு ஒரு கடிதம்: 735 முறை மலை தாண்டியவர்

மதிப்பிற்குரிய கேப்டன் டிக் ரோசி அவர்களுக்கு,

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சுறா வாய் வரைந்த பி-40 போர் விமானத்தைச் சொல்வார்கள்; ஆறு ஜப்பானிய விமானங்களுக்கு மேல் நீங்கள் வீழ்த்திய கணக்கைச் சொல்வார்கள்; அதோடு முடித்துவிடுவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

1941இல் பென்சகோலாவில் அமெரிக்கக் கடற்படையின் பயிற்றுநர் நீங்கள். உங்கள் நாடு அப்போது போரில் இறங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, சீனாவுக்காகச் சண்டையிட அமெரிக்க ராணுவத்தின் முன்னாள் விமானி ஷெனால்ட் திரட்டிய ‘ஃபிளையிங் டைகர்ஸ்’ என்ற தன்னார்வப் படையில் சேர்ந்தீர்கள். மாதம் 600 டாலர், வீழ்த்தும் விமானம் ஒவ்வொன்றுக்கும் 500 டாலர். இதை வைத்துக் கூலிப்படை என்று சொன்னவர்கள் உண்டு. ஜப்பானிய விமானங்களோடு வட்டமடித்துச் சண்டை போட்டால் பி-40 தோற்றுவிடும். உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நிற்காமல் விலக வேண்டும். அப்படி ஒரு விமானத்தை ஓட்டி, எண்ணிக்கையில் பெருத்த எதிரிக்குள் பாய்வதற்கு 500 டாலர் ஆசை மட்டும் போதுமா?

சீனாவுக்குச் சரக்கு வந்திறங்கிய பர்மாத் துறைமுகம் என்பதால் நீங்கள் காத்த ரங்கூன் எங்களுக்கு அந்நிய ஊர் அல்ல. செட்டியார் கடைகளிலும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியும், எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே பிழைத்தார்கள். 1941 டிசம்பர் 23 அன்று விழுந்த குண்டுகளில் செத்தவர்களில் இந்தியர்கள் ஏராளம். 1942 மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட ஓட்டத்தில் லட்சக்கணக்கானோர் இந்தியாவை நோக்கிப் போனார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் மேற்குப் பர்மாவின் அரக்கான் வழியாகவும், மணிப்பூர் எல்லையிலுள்ள தமு வழியாகவும் மலைக்காட்டில் நடந்தார்கள். காலராவும் பசியும் பாதி வழியிலேயே பலரை எடுத்துக்கொண்டன.

1942 ஜூலை 4 அன்று உங்கள் படை கலைக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பியிருக்கலாம். நீங்களோ சீன தேசிய விமான நிறுவனத்தில் சரக்கு விமானியாகச் சேர்ந்தீர்கள். பர்மாவிலிருந்து சீனாவுக்குச் சரக்கு போன பர்மா சாலை அடைபட்டுவிட்டதால் சீனாவுக்குப் பெட்ரோலும் வெடிமருந்தும் போக ஒரே வழி வான்வழி: அசாமிலிருந்து மலைகளைத் தாண்டி சீனாவின் குன்மிங்குக்கு. ‘ஹம்ப்’ என்று நீங்கள் எல்லோரும் அழைத்த தடம்.

உங்கள் வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். கையில் துப்பாக்கி இல்லை. பின்னால் பீப்பாய் பீப்பாயாக விமானப் பெட்ரோல். வட பர்மாவின் மிட்சினாவில் ஜப்பானியர் இருந்ததால் இன்னும் வடக்கே, இன்னும் உயரமான சிகரங்களுக்கு மேல் சுற்றிப் போக வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் எதிரி பார்த்துவிடுவான். அதனால் மேகத்தையும் இருட்டையும் தேடிப் போனீர்கள். மேகத்துக்குள்ளோ இறக்கையில் பனி உறையும், விமானம் கனத்துக் கீழே இறங்கும். கீழே மலை. போர் முடிவதற்குள் அந்தத் தடத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள் நொறுங்கின. நீங்கள் 735 முறை கடந்தீர்கள். அதற்கு, விமானம் ஒன்றுக்கு 500 டாலர் என்ற பேச்சே இல்லை.

போருக்குப் பிறகும் சரக்குதான். உங்கள் படைத் தோழர் பாப் பிரெஸ்காட் 1945இல் தொடங்கிய நிறுவனம் பிறகு ‘ஃபிளையிங் டைகர் லைன்’ ஆனது. அதில் 25 ஆண்டுகள் கேப்டனாகப் பறந்தீர்கள். ஆயுளில் மொத்தம் 25,000 மணி நேரத்துக்கும் மேல் வானத்தில்! சண்டை விமானத்தில் நீங்கள் இருந்த மாதங்கள் இதில் எத்தனை சிறிய பங்கு.

பழைய தோழர்களின் சங்கத்துக்கும் பல பத்தாண்டுகள் தலைவராக இருந்து அவர்களை ஒன்றாக வைத்திருந்தீர்கள். உங்கள் படையினர் செய்தது ராணுவச் சேவைதான் என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொள்ள 1991 ஆனது. சிறப்புப் பறப்புச் சிலுவைப் பதக்கம் 1996இல்தான் வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காக்க வைத்தது எனக்கு இப்போதும் கோபம் தருகிறது.

2008இல் நீங்கள் மறைந்தீர்கள். இனி உங்களைப் பற்றி யாராவது தமிழில் எழுதினால், முதல் வரியில் அந்த 735 வரட்டும். வீழ்த்திய கணக்கு இரண்டாம் பத்தியில் வந்தால் போதும்.

மரியாதையுடன்,
ஒரு தமிழ் வாசகன்