வெடிக்கவில்லைதான், ரகு

அன்புள்ள ரகு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குச் சாக்கு எதுவும் இல்லை. வசந்தா நலம். பெரியவனிடம் அதே பிடிவாதம். பெருமாள் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கட்டு அவிழ்த்ததும் உன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இவன் மீசைப் பந்தயத்தில் தோற்ற அதே ரகுதானேடா?" என்றார். குசலம் இத்தோடு போதும்.

உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வருகிறேன். 1950 முதல் 1980 வரை அமெரிக்கா தானே ஒப்புக்கொண்டது 32 அணு ஆயுத விபத்துகள், ஒன்றில்கூட அணு வெடிப்பு நடக்கவில்லை, ஆகவே குண்டு தற்செயலாக வெடிக்காமல் தடுக்கும் பூட்டு நல்ல பூட்டு என்று எழுதியிருக்கிறாய். எண்ணிக்கை சரி. அந்த "ஆகவே"யைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நீ புகழும் பூட்டு எப்போது வந்தது என்று பார்த்தாயா? ஸ்ட்ராங் லிங்க், வீக் லிங்க் ஏற்பாடு முதன்முதலில் ஓர் ஆயுதத்தில் ஏறியது 1977-இல், பி-61 குண்டின் ஒரு வகையில். உன் பட்டியலில் ஏறக்குறைய எல்லா விபத்தும் அதற்கு முன்னால் நடந்தவை. பூட்டே இல்லாத வீடுகளில் திருட்டு நடக்காததைக் காட்டி, பூட்டு கெட்டி என்கிறாய். வக்கீல் படிப்பைப் பாதியில் விட்டது நல்லதுக்குத்தான்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு மறுப்பில்லை. வெடிக்கவைக்கும் மின்சுற்றை ஒரு தடுப்பறைக்குள் வைத்து, உள்ளே போகும் ஒரே வழியில் ஸ்ட்ராங் லிங்க். இரண்டு வகைத் துடிப்புகள் 24, குறித்த வரிசையில் வந்தால்தான் அது திறக்கும். தற்செயலாக உரசும் கம்பி அந்த வரிசையை உண்டாக்க முடியாது. தீ பிடித்தால், ஸ்ட்ராங் லிங்க் உருகிக் கெடுவதற்கு முன்பே வீக் லிங்க், அதாவது வெடிக்கத் தேவையான, சூட்டில் சீக்கிரம் கெடும் ஒரு பாகம், செத்துவிட வேண்டும். அது செத்தால் ஆயுதம் வெறும் உலோகம். அழகான யோசனை. ஆனால் 1961-இல் அது கிடையாது.

அந்த வருடம் ஜனவரி 24, வட கரோலினாவின் கோல்ட்ஸ்பரோ. வலது இறக்கையில் எரிபொருள் கசிந்த பி-52 குண்டுவீச்சு விமானம் நடுவானில் உடைந்தது. எட்டுப் பேரில் மூன்று பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த இரண்டு மார்க்-39 குண்டுகளும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மெகாடன், தனித்தனியே விழுந்தன. ஒன்று சேற்று வயலில் அதிவேகமாகப் புதைந்தது. அதன் ஒரு பகுதியை இன்றுவரை எடுக்கவில்லை, மேலே தோண்டக் கூடாது என்று நிலத்தின் உரிமையை மட்டும் வாங்கிப்போட்டார்கள். மற்றதுதான் வேடிக்கை. விமானத்திலிருந்து பிடுங்கப்பட்டபோது அதன் பாதுகாப்புக் கம்பிகள் உருவப்பட்டன. டைமர் ஓடியது. பாராசூட் விரிந்தது. உண்மையாகவே போட்டால் ஒரு குண்டு என்னென்ன செய்யுமோ, அத்தனையையும் வரிசையாகச் செய்துகொண்டே வந்து, மரத்தில் பாராசூட் சிக்க, நட்டுக்கொண்டு நின்றது. விமானி இயக்க வேண்டிய ஒரு ஸ்விட்ச் மட்டும் "சேஃப்"-இல் இருந்தது. அந்த ஸ்விட்சைத் திருப்ப விமானத்தின் சாதாரண மின்னழுத்தமே போதும். உடையும் விமானத்தில் ஒயர்கள் ஒன்றோடொன்று உரசினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா? 1969-இல் அமெரிக்காவின் சாண்டியா அணு ஆயுத ஆய்வுக்கூடத்தின் பார்க்கர் ஜோன்ஸ் இதை எழுதிவைத்தார்: பேரழிவுக்கும் நாட்டுக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு சாதாரண, குறைந்த மின்னழுத்த ஸ்விட்ச். அந்தக் குறிப்பு வெளியே வந்தது 2013-இல்.

1958 மார்ச்சில் தென் கரோலினாவின் மார்ஸ் பிளஃபில், குண்டைப் பிடித்து நிற்கும் முள்ளைச் சரிபார்க்கப் போனவர் பிடிமானத்துக்குக் கைவைத்தது அவசர விடுவிப்பில். குண்டு கதவை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டின் அருகே விழுந்து வெடித்தது, ஆறு பேருக்குக் காயம். வெடித்தது சாதாரண வெடிமருந்துதான். அணுக் கரு, அதாவது அணு வெடிப்புக்கு வேண்டிய உலோக உருண்டை, உள்ளே இல்லை. இந்தக் கணக்கையும் உன் பூட்டின் பெயரில் எழுதிக்கொள்வாயா? அந்தக் காலத்தில் கருவைத் தனியாக வைத்திருந்தார்கள், பிழைத்தது அதனால்தான். பி-52 விமானங்கள் விழுந்த ஸ்பெயினின் பாலோமாரெஸ், கிரீன்லாந்தின் தூலே இரண்டும் வேறு. அங்கே கரு உள்ளேயே இருந்தது, வெடிமருந்து வெடித்தது, ஆனாலும் அணு வெடிப்பு இல்லை. வெடிமருந்து ஏதோ ஒரு முனையில் மட்டும் பற்றினால் கரு சீராக நசுங்காது என்ற வடிவமைப்பு வேலை செய்தது. அந்தப் பாராட்டை மனதாரக் கொடுக்கிறேன். புளூட்டோனியம் தக்காளித் தோட்டத்திலும் பனியிலும் சிதறியதை நீ பாராட்டுக் கணக்கில் சேர்க்காமல் இருந்தால் சரி.

சரி, பூட்டைப் பூரணமாகவே நம்புவோம். இனிமேல்தான் என் சண்டை. குண்டுக்குப் பூட்டு போட்டார்கள். குண்டைச் சுமக்கிற பொருளுக்கு யார் போட்டார்கள்?

டமாஸ்கஸ், ஆர்கன்சா, 1980 செப்டம்பர் 18. நீ அதற்கு ஒரே வரி கொடுத்திருக்கிறாய்: "ஸ்பானர் விழுந்த கேஸ்." ஸ்பானர் இல்லை, சாக்கெட், திருகும் கருவியின் முனையில் மாட்டும் குழல். நிலத்தடிக் குழியில் நின்ற டைட்டன்-2 ஏவுகணை, உயரம் 103 அடி, உச்சியில் 9 மெகாடன் அணுத் தலை. இரண்டாம் கட்டத்தின் ஆக்சிஜனேற்றித் தொட்டியில் (எரிபொருளை எரியவைக்கும் திரவம் அதில்) அழுத்தம் குறைவாகக் காட்டியது. நைட்ரஜன் ஏற்ற வேண்டும், அதற்கு ஒரு மூடியைக் கழற்ற வேண்டும். வழக்கமான வேலை. இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்சுதான் பயன்படுத்த வேண்டும் என்பது புதிதாக வந்த விதி. கையோடு இருந்தது ராட்செட் என்ற சாதாரணத் திருகி. சாக்கெட் அதிலிருந்து நழுவியது. எடை மூன்றரை கிலோ சொச்சம். மேடைக்கும் ஏவுகணைக்கும் நடுவே இருந்த இடுக்கில் புகுந்து, 70 அடிக்கும் மேல் விழுந்து, அடியில் தாங்கு சட்டத்தில் பட்டுத் தெறித்து, முதல் கட்ட எரிபொருள் தொட்டியைத் துளைத்தது.

இப்போது படத்தை மனதில் வரைந்துகொள். முதல் கட்டத்தில் எரிபொருள் தொட்டி கீழே, ஆக்சிஜனேற்றித் தொட்டி அதன் மேலே. கீழே ஏரோசின்-50, மேலே நைட்ரஜன் டெட்ராக்சைடு. ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம். தொட்டிகள் மெல்லிய அலுமினியம், நிற்பது பாதி உள் அழுத்தத்தால்தான். எரிபொருள் பீய்ச்சி வெளியேற வெளியேற, கீழ்த் தொட்டியின் அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது நசுங்கி, மேலே இருப்பது அத்தனையும் அதன் மேல் உட்காரும். இதை நிறுத்த வழியே கிடையாது. ஓட்டையை யார் போய் அடைப்பது? கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களையும் வெளியேற்றிவிட்டார்கள். அதோடு அழுத்தம் எவ்வளவு என்று படிக்கவும் ஆளில்லை. மணிக்கணக்கில் தொலைபேசியில் வாக்குவாதம். கடைசியில் இரவு இரண்டு பேரை வாயு புகாத உடுப்பில் உள்ளே அனுப்பினார்கள். ஆவி அளவுமானியின் முள் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றது. வெளியேற்றும் விசிறியைப் போடச் சொல்லி உத்தரவு. போட்டு, வெளியே வந்த சற்று நேரத்தில், அதிகாலை மூன்று மணிவாக்கில், மொத்தமும் போனது. குழியின் 740 டன் மூடி தூக்கி எறியப்பட்டது. அந்த இருவரில் ஒருவர் இறந்தார், 21 பேருக்குக் காயம். 9 மெகாடன் தலை வளாகத்தின் வாசல் கேட்டுக்கு நூறடி தள்ளிக் கிடந்தது.

வெடிக்கவில்லைதான், ரகு. ஆனால் சாக்கெட்டைப் பிடித்து நிறுத்த எந்த ஸ்ட்ராங் லிங்க் இருந்தது?

அதே திரவம் கடலிலும் தன் வேலையைக் காட்டியது. 1986 அக்டோபரில் சோவியத் நீர்மூழ்கி கே-219, பெர்முடாவுக்குக் கிழக்கே. ஏவுகணைக் குழாயில் கசிந்த கடல்நீர் அந்த நைட்ரஜன் டெட்ராக்சைடோடு சேர்ந்து வெடிப்பு. அணு உலையைக் கையால் நிறுத்தப் போன செர்கே பிரெமினின், இருபது வயதுப் பையன், கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கிவிட்டான். அழுத்த வித்தியாசத்தால் கதவு திறக்கவில்லை. அவன் அங்கேயே இறந்தான். கப்பல் ஆயுதங்களோடு மூழ்கியது. சர்வதேச மாநாட்டில் எவனாவது "மனிதத் தவறு" என்று வாய் கூசாமல் சொல்லும்போது எனக்கு இந்தப் பையன் ஞாபகம்தான் வரும்.

டமாஸ்கஸுக்கு மூன்று நாள் முன்னால், செப்டம்பர் 15, வட டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் தரையில் நின்ற ஒரு பி-52-இன் எஞ்சினில் தீ. குண்டுகளும் ஏவுகணைகளும் ஏற்றப்பட்டு நின்ற விமானம். சுமார் மூன்று மணி நேரம் எரிந்தது. காற்று தீயை ஆயுதங்களுக்கு எதிர்ப்பக்கம் தள்ளியது, அவ்வளவுதான். காற்றை எந்தப் பாதுகாப்பு ஆவணத்தில் சேர்ப்பாய்?

1968-இல் தூலேயில் விமானத்தைக் கொன்றது நுரை மெத்தைகள், சூடாக்கியின் வாய் அருகே செருகியவை. குளிராக இருக்கிறது என்று எஞ்சினிலிருந்து சூடான காற்றைத் திறந்துவிட்டார்கள். அந்த விமானம் அங்கே சுற்றிக்கொண்டிருந்ததே தூலேயின் எச்சரிக்கை ராடார் திடீரென்று வாயை மூடினால், தாக்குதலா, லைன் கோளாறா என்று கண்டு சொல்லத்தான். அதில் ஒரு குண்டு முழுதாக வெடித்து ராடாரையும் கொண்டுபோயிருந்தால் வாஷிங்டனில் அதை என்னவென்று படித்திருப்பார்கள்? எனக்கு உண்மையாகவே குலை நடுங்கும் இடம் இது. குண்டு வெடிப்பதைவிட, வெடித்ததை எதிரியின் வேலை என்று நினைப்பது பெரிய ஆபத்து.

"எல்லாம் பழைய கதை" என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய் என்று தெரியும். 2007 ஆகஸ்ட், வட டகோட்டாவின் மைனாட் விமானப்படைத் தளம். ஒவ்வொரு க்ரூஸ் ஏவுகணையிலும் தபால்தலை அளவு ஜன்னல் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே அணுத் தலையா போலியா என்று தெரியும். கிடங்கிலிருந்து எடுத்தவர்கள் பார்க்கவில்லை. இழுத்துப் போனவர்கள் பார்க்கவில்லை. விமானத்தில் பார்த்தவர் ஒரு இறக்கையை மட்டும் பார்த்தார், அது போலிகள் இருந்த பக்கம். மறுபக்கத்தில் ஆறு அசல் தலைகளோடு விமானம் லூசியானாவின் பார்க்ஸ்டேலுக்குப் பறந்தது. சுமார் 36 மணி நேரம் அணு ஆயுதத்துக்கு உரிய காவல் இல்லாமல் இருந்தது, காணவில்லை என்றுகூட யாருக்கும் தெரியாது. அந்த ஆறிலும் உன் நவீனப் பூட்டு இருந்தது. பூட்டு ஒழுங்காகத்தான் இருந்தது.

விபத்தில் சிக்கிய குண்டு அணு வெடிப்பாக வெடிக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு வைக்கிறார்கள். டார்ச்சை எடுக்காமல் போவதற்கு எத்தனையில் ஒன்று? நீதான் நிகழ்தகவு ஆசாமி, போட்டுப் பார்த்து எழுது. தூலே பற்றி நான் முன்னால் அனுப்பிய வரைபடத்தைத் திருப்பி அனுப்பு, அண்ணன் கேட்கிறார். கண் தெரிகிறதாம், இனி ஒவ்வொன்றாகக் கேட்பார்.

அன்புடன்,
சேது