அப்பாவின் இருதயத்தைப் பற்றி யாரிடம் கேட்பது?

வட மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் வன்னி மாவட்டங்களின் பிராந்தியப் பணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பு, தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால் அந்த வீட்டாருக்கு ஆபத்து அதிகம் என்பது நீங்கள் அறிந்ததே. வன்னியில் இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது? "அப்பாவுக்கு இருதய வருத்தம் இருந்ததா?" என்று கிளினிக்கில் கேட்டால், "இல்லை" என்கிறாள் மகள். கொப்பியிலும் அப்படியே பதிவாகிறது. அப்பாவோ 2009இல் போரின்போது மாத்தளனில் செல் பட்டு இறந்தவர். நோய் வெளியே தெரியும் வயதுவரை அவரை வாழ விடவில்லை.

என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகளின் கதை இது. இன்று அவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். அவர்களின் கொப்பியில் "தெரியாது" என்று எழுதுங்கள். எழுதிய கையோடு கொலஸ்ட்ரோல் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். நாற்பது வயதாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரோல் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இரத்தத்திலிருந்து எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பை அகற்றும் ஈரலின் திறன், பரம்பரையலகுப் பழுதால் பிறப்பிலேயே குன்றிவிடுகிறது. வயலில் பாடுபடும் மெலிந்த இளைஞனுக்கும் இது இருக்கலாம். தேங்காய்ப்பாலை நிறுத்துவதால் மட்டும் தீராது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எல்டிஎல் ஒரு டெசிலீற்றருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும். சிலருக்குக் குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருக்கும். செருப்பைக் கழற்றச் சொல்லித் தடவிப் பார்த்தாலே கைக்குத் தட்டுப்படும். கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாடின் குளிசையை உரிய காலத்தில் தொடங்கினால் மாரடைப்பைப் பெரும்பாலும் தள்ளிப்போடலாம், தவிர்க்கவும் கூடும்.

கிளிநொச்சியில் பரம்பரையலகு ஆய்வுகூடம் அமையுங்கள் என்று நான் கேட்கவில்லை. பல பரம்பரையலகு மாற்றங்களைக் கூட்டி ஆபத்தைக் கணிக்கும் புதிய பரிசோதனைகள் பெரும்பாலும் ஐரோப்பியரின் தரவுகளில் உருவானவை. நம்மவருக்கு அவை அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனையையே வீட்டார் எல்லோருக்கும் செய்யுங்கள். 55 வயதுக்குள் மாரடைப்பு வந்த ஒருவர் வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது, அவருடைய பிள்ளைகள், சகோதரர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களை அழைத்துவரும் பொறுப்பைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொடுங்கள். குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியாத வீடு எங்கள் ஊரில் இல்லை.

பிரித்தானியாவில் ஒருவருக்கு இந்தப் பழுது கண்டால் இரத்த உறவுகளையும் தேடிச் சோதிக்கிறார்கள். லண்டனிலுள்ள அண்ணனுக்குக் கண்டது விசுவமடுவிலுள்ள தங்கைக்குத் தெரியாமல் போகக்கூடாது. எனவே வெளிநாட்டு உறவுகள் எந்த வயதில் கொலஸ்ட்ரோல் குளிசை தொடங்கினார்கள் என்பதையும் கிளினிக்கில் கேளுங்கள்.

இங்ஙனம்,
முல்லைத்தீவு மாவட்ட ஆசிரியர் ஒருவர்