வைக்கோலைக் கொளுத்தலாமா?

ஆசிரியருக்கு,

அறுவடை இயந்திரம் போன கையோடு வைக்கோலுக்குத் தீ வைக்கும் பழக்கம் டெல்டாவிலும் அங்கங்கே தலைகாட்டுகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த சாம்பல் சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது, தழைச்சத்தும் (நைட்ரஜன்) உண்டு. எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். அப்புறம் அதையே யூரியா மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறோம்!

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால், நெல்லால் அதை நேரடியாக எடுக்க முடியாது. பசுந்தாள் உரமாக வளர்க்கும் தக்கைப்பூண்டுச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பூக்கும் சமயத்தில் செடியை மடக்கி உழுதால் அந்த நைட்ரஜன் மண்ணில் சேரும். நடவுக்கு முன்பே இந்த விதை தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேளாண்மைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு விவசாயி, மன்னார்குடி