குரோமியம் கழிவுநீருக்கான மீன் சோதனையை முறைப்படுத்தி, முழுப் பதிவையும் வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
ராணிப்பேட்டை வட்டார ஏரி மீன்பிடி குத்தகைதாரர்கள், மீன்குஞ்சு வளர்ப்போர், வேதியியல் மற்றும் விலங்கியல் ஆசிரியர்கள்
(கையொப்பப் பட்டியல் இணைப்பில்)

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம்,
கிண்டி, சென்னை – 600 032.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் ஆறாம் அட்டவணைப்படி, வேறு தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரம் விடப்படும் மீன்களில் 90 விழுக்காடு பிழைத்திருக்க வேண்டும். எங்கள் கைக்கு வரும் ஆய்வறிக்கைகளில் இதற்கான பதில் "தேர்ச்சி" என்ற ஒரே சொல்லாக இருக்கிறது. எந்த மீன், எத்தனை மீன், தண்ணீரின் பி.எச். என்ன, ஆக்சிஜன் எவ்வளவு என்று எதுவும் இல்லை. இவை இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது என்பதே இந்த மனுவின் சாரம்.

முதலில் குரோமியம்-6, அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம். தோல் பதனிடப் பயன்படும் உப்பில் இருப்பது குரோமியம்-3. குரோமேட் கழிவுக் குவியலிலிருந்து மஞ்சளாகக் கசிவது குரோமியம்-6. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் பல நன்னீர் மீன்களில் பாதியை 96 மணி நேரத்தில் கொல்ல லிட்டருக்குப் பத்துக்கணக்கான மில்லிகிராம் தேவை. சில இனங்களுக்கு நூறுக்கும் மேல். வரம்பைப் போல நூறு மடங்கு குரோமியம் இருக்கும் நீரிலும் மீன் நான்கு நாள் நீந்திக்கொண்டிருக்கலாம். டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரி அப்படித் தாங்காது: பொட்டாசியம் டைகுரோமேட் லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராம் இருந்தாலே 24 மணி நேரத்தில் பாதி அசைவற்றுப் போகும். ஆகவே மீன் பிழைத்தது என்பதைக் குரோமியம் அளவுக்கு மாற்றாக எந்த அறிக்கையிலும் ஏற்கக் கூடாது. டைபீனைல்கார்பசைடு என்ற நிறமளக்கும் முறையில் 540 நானோமீட்டரில் எடுத்த குரோமியம்-6 அளவு, சோதனைத் தொடக்கத்திலும் முடிவிலும், அதே தாளில் இருக்க வேண்டும். மீன் கழிவும் வழவழப்பும் சேரும்போது குரோமியம்-6-இல் ஒரு பகுதி குரோமியம்-3 ஆகி அடியில் படிந்துவிடும் என்பதால் தொடக்க அளவு மட்டும் போதாது.

மீன் தொகுதி நம்பத்தக்கதா என்பதை அறிய ஒப்பீட்டுச் சோதனை வேண்டும். 2.829 கிராம் உலர்ந்த பொட்டாசியம் டைகுரோமேட்டை ஒரு லிட்டராகக் கரைத்தால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் குரோமியம்-6 கிடைக்கும். 15 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் செறிவுக்கு இதில் 150 மில்லிலிட்டர் போதும். 10, 18, 32, 56, 100 என ஐந்து செறிவுகளும், குரோமியம் இல்லாத ஒரு தொட்டியும் வையுங்கள். இங்கே பலர் தவறுவது பி.எச். விஷயத்தில். டைகுரோமேட் கரைசல் அமிலத்தன்மை கொண்டது. மென்னீரில் அதிகச் செறிவுத் தொட்டியின் பி.எச். சரிந்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சரிசெய்யாவிட்டால் மீன் செத்தது அமிலத்தாலா குரோமியத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பி.எச். குறையக் குறைய குரோமியம்-6-இன் நச்சும் கூடும். சோதனை முடிந்த கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல், அமில நிலையில் சோடியம் பைசல்பைட்டால் குரோமியம்-3 ஆக்கி, சுண்ணாம்பு சேர்த்துப் படியவைத்து அகற்ற வேண்டும்.

கழிவுநீர்ச் சோதனையில் சிக்கல் வேறு. கரிமக் கழிவு மிகுந்த நீரில் ஆக்சிஜன் சில மணி நேரத்திலேயே சரியும். மீன் மூச்சுத்திணறிச் சாகும். அதைத் தடுக்கக் காற்றுக் குமிழி விட்டால் சல்பைடு ஆவியாகிப் போய்விடும், கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும். 25 டிகிரியில் பி.எச். 7-இல் மொத்த அமோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். 8-இல் சுமார் 5, 9-இல் சுமார் 36 விழுக்காடு. நீரின் வேதியியலே இப்படி மாறிவிடும்போது, பதிவு இல்லாவிட்டால் சாவுக்கான காரணத்தையோ பிழைப்புக்கான காரணத்தையோ எப்படிச் சொல்வது? காற்று விட்டார்களா, எப்போது விட்டார்கள் என்பதை எழுதியே ஆக வேண்டும்.

மீன் எண்ணிக்கை சின்ன விஷயமாகத் தோன்றும், அப்படியல்ல. ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் மீன் நச்சுச் சோதனைக்கான 203-ஆம் வழிகாட்டி செறிவுக்குக் குறைந்தது 7 மீன் கேட்கிறது. நம் விதிக்கு அந்த எண் பொருந்தாது: 7-இல் ஒன்று செத்தால் பிழைப்பு 85.7 விழுக்காடு, உடனே தோல்வி. பத்துப் பத்தாக இரண்டு தொட்டிகள் வேண்டும். லிட்டருக்கு 0.8 கிராமுக்கு மேல் மீன் எடை கூடாது. ஒரு கிராம் எடையுள்ள ரோகு குஞ்சு பத்துக்கு 12.5 லிட்டர் நீர் தேவை. பத்து லிட்டர் வாளி போதாது. குளோரின் நீக்கிய நீரில் குறைந்தது ஒன்பது நாள் பழக்கப்படுத்தி, கடைசி 24 மணி நேரம் உணவு நிறுத்த வேண்டும். செவுள் மூடி அசையாமல், வால் அடியைத் தொட்டாலும் துடிக்காத மீனே இறந்த மீன். கழிவுநீர் கலக்காத கட்டுப்பாட்டுத் தொட்டியில் பத்தில் ஒன்றுக்கு மேல் இறந்தால் முழுச் சோதனையும் செல்லாது.

எனவே, ராணிப்பேட்டை மாவட்டத்தில் குரோமியம் சார்ந்த கழிவுநீரை வெளியிடும் இடங்களுக்கு, கழிவுநீரின் நச்சை உயிரிகளைக் கொண்டு சோதிப்பதற்கான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 6582-ஐ ஒட்டி, மேற்சொன்னவற்றைப் பதிய ஒரே படிவம் வகுக்க வேண்டுகிறோம். 24, 48, 72, 96 மணி நேர இறப்பு, ஒவ்வொரு நாளின் பி.எச்., ஆக்சிஜன், வெப்பநிலை, கடினத்தன்மை, அமோனியா, குரோமியம்-6 ஆகியவை அதில் வர வேண்டும். மீன் தொகுதி மாறும்போதெல்லாம் டைகுரோமேட் ஒப்பீட்டு முடிவை இணைக்க வேண்டும். நிரப்பிய படிவங்களை வாரியத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மாதிரி எடுக்கும்போது ஏரிக் குத்தகைதாரர் ஒருவரை உடனிருக்க அனுமதித்து, முத்திரையிட்ட மறுபாதியை 24 மணி நேரத்துக்குள் வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள்)

இடம்: ராணிப்பேட்டை
நாள்: