சைக்கிளோட்டிக்குத் தலைக்கவசம் வேண்டும், சம்மன் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலைக்கவசம் அணியாமல் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும், மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு விதிப்பதுபோல அபராதம் விதிக்க வேண்டும் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பேரப்பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார் என்பது படித்தவுடன் புரிந்தது. அவருடைய அக்கறையை மதிக்கிறேன். நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன், தலைக்கவசமும் விற்கிறேன். அப்படி ஒரு சட்டம் வந்தால் என் வியாபாரத்துக்கு நல்லதுதான். ஆனாலும் அந்த அபராதம் வேண்டாம் என்றே சொல்வேன்.

தலைக்கவசத்தால் பயனில்லை என்று வாதாடுகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா தம் மகனுடைய தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் பையன். தாமானுக்குள் (வீடமைப்புப் பகுதிக்குள்) ஒரு வளைவில் மணல் சறுக்கி, வடிகாலின் சிமெண்டு விளிம்பில் தலை மோத விழுந்திருக்கிறான். முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பித்துவிட்டான். “வெளியே ஒரு கீறல்தான் அண்ணா, அறுந்த வாரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்” என்றார் அந்த அம்மா. நான் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருந்த வெள்ளை நுரையில் காதுக்கு மேலே தொடங்கிய விரிசல் உச்சி வரைக்கும் ஓடியிருந்தது. அதற்குப் பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நுரை நசுங்கி உள்வாங்கியிருந்தது. தலைக்கவசத்தின் வேலையே அந்த நசுங்கல்தான். மண்டை ஓட்டில் இறங்க வேண்டிய அடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு நுரை நசுங்குகிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி எழும்பாது. அடுத்த அடியைத் தாங்காது. வாரை மாற்றித் தர மறுத்துவிட்டேன். விரிசலை அவர் கண்ணில் காட்டியதும் அந்த அம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 40 ஆய்வுகளை, காயமடைந்த 64,000க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர் தலைக்கவசம் அணிந்திருந்தால் தலையில் காயம்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு எழுபது விழுக்காட்டை ஒட்டிக் குறைகிறது. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்? தலைக்கவசம் அணிந்தவரைக் கார்கள் இன்னும் நெருங்கி உரசிப் போகின்றன என்று இங்கிலாந்தில் ஒருவர் அளந்து சொன்னார், சராசரியாக 8.5 சென்டிமீட்டர் வித்தியாசம். அந்தக் கணக்கை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் 8.5 சென்டிமீட்டருக்காக நான் தலையைத் திறந்துபோட்டுக்கொண்டு போக மாட்டேன்.

ஆனால் தலைக்கவசத்தின் எல்லையையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பியத் தரச் சோதனையில் சைக்கிள் தலைக்கவசத்தைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தளத்தில் விழவைக்கிறார்கள். தளத்தைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது, ஓட்டுகிறவர் நிலைதடுமாறி விழும்போது தலை தரையில் மோதுகிற வேகம். துன் டாக்டர் லிம் சொங் யூ விரைவுச்சாலையில் பறந்துவரும் லோரிக்கு முன்னால் அந்த நுரையால் என்ன செய்ய முடியும்?

இப்போது அபராதத்துக்கு வருகிறேன். சனி, ஞாயிறு காலையில் குழுவாகப் பாலிக் புலாவ் வரை மிதித்துவிட்டு வருகிறவர்களின் சைக்கிள் பல ஆயிரம் ரிங்கிட் பெறும். அவர்களில் தலைக்கவசம் இல்லாத ஒருவரை நான் பார்த்ததே இல்லை. அவர்களுக்குச் சட்டம் தேவையில்லை. வாரநாட்களில் வருகிறவர்கள் வேறு. இரவு வேலை முடிந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் நேப்பாளத்துத் தம்பிகள், வங்காளதேசத்துத் தம்பிகள், சந்தையில் மீன் வெட்டும் பெரியவர், கொண்டை போட்டுக்கொண்டு முன்கூடையில் கீரைக் கட்டோடு வரும் பாட்டி. அபராதச் சம்மன் இவர்கள் கையில்தான் போய்ச் சேரும்.

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில் எல்லா வயதினருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்ற விதி வெகுகாலம் இருந்தது. 2022இல் அதை நீக்கினார்கள். அணிவது நல்லது என்பதில் அவர்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. யாருக்கு அபராதம் விதிக்கப்பட்டது என்று பார்த்தபோது வீடில்லாதவர்கள்மீதும் கறுப்பினத்தவர்கள்மீதும் அளவுக்கு மீறி விழுந்திருந்தது தெரியவந்தது. உலகில் முதன்முதலாக, 1990இல், இப்படிச் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அங்கே அணிகிறவர்கள் பெருகினார்கள், தலைக்காயங்களும் குறைந்தன. அதே சமயம் மெல்பர்னில் சைக்கிள் மிதிக்கிற பதின்ம வயதுப் பிள்ளைகள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். நம் பிள்ளைகள் ஏற்கெனவே கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சைக்கிளிலிருந்தும் இறக்கிவிட எனக்கு மனமில்லை.

ஒரு நாள் இரவு நேப்பாளத் தம்பி ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரேக் ரப்பர் முழுவதும் தேய்ந்து, இரும்பு சக்கர விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பின்விளக்கு இல்லை. கையில் இருந்த பணத்துக்கு எதை மாற்றலாம் என்று கேட்டார். முதலில் பிரேக், அடுத்து பின்னால் சிவப்பு விளக்கு, அதற்குப் பிறகு தலைக்கவசம் என்றேன். தலைக்கவசம் விற்கிற நானே சொல்கிற வரிசை இது. பிரேக்கும் விளக்கும் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்ளும். தலைக்கவசம் விழுந்த பிறகுதான் உதவும். சம்மனுக்குப் பயந்தால் அந்தத் தம்பி என்ன செய்வார்? இருக்கிற காசுக்கு மலிவான தலைக்கவசம் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, பிரேக் இல்லாத சைக்கிளில் இருட்டில் போவார். சட்டத்தின் கண்ணுக்கு அவர் ஒழுங்கானவர்.

2017 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில் ‘பசிகால் லாஜாக்’ எனும், பிரேக் கழற்றி வேகத்துக்காக மாற்றியமைத்த சைக்கிள்களை ஓட்டிய 8 பிள்ளைகள் கார் மோதி இறந்ததை நாம் மறக்கவில்லை. பிரேக்கைக் கழற்றித் தரச் சொல்லி இன்றும் என் கடைக்குப் பையன்கள் வருகிறார்கள். திட்டி அனுப்புகிறேன். எந்த அப்பாவும் கூட வந்து, “இவன் சைக்கிளில் பிரேக் பிடிக்கிறதா, பாருங்கள்” என்று கேட்டதில்லை.

1973இல் தலைக்கவசம் கட்டாயமானபோது மோட்டார் சைக்கிளோட்டிகள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொள்ளவில்லையா என்று அந்த வாசகர் கேட்கிறார். பழகிக்கொண்டார்கள். அந்தச் சட்டம் உயிர்களைக் காத்தது, மறுப்பில்லை. ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில்தான் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித் தடமும் போட்டார்கள். உலகத்திலேயே அதுதான் முதலாவது என்பார்கள். அப்படித் தடம் கிடைக்காத மற்றச் சாலைகளில் இன்றைக்கும் என்ன நிலைமை? இந்நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான், தலைக்கவசச் சட்டம் வந்து ஐம்பது ஆண்டு கடந்த பிறகும். சைக்கிளோட்டிக்கு இங்கே என்ன இருக்கிறது? கடலோரமாக மாலையில் காற்று வாங்க ஒரு பாதை இருக்கிறது. நல்ல பாதை, நானும் போகிறேன். வேலைக்குப் போகிறவர் நகருக்குள் நுழைந்தால் சாலையில் தீட்டிய ஒரு கோடுதான் தடம். அதன்மேல் கார் நிற்கிறது. காரைச் சுற்றிக்கொண்டு போக அவர் பஸ்ஸுக்கு முன்னால் வெளியே வர வேண்டியிருக்கிறது. 1971இல் நெதர்லாந்தில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்குப் பிறகு அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதைகளும் வேகக் கட்டுப்பாடும் வந்தன. இன்று பெரும்பாலோர் வெறுந்தலையோடுதான் மிதிக்கிறார்கள். நம் சாலையில் அப்படிப் போகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் தடத்தில் நிற்கும் காருக்கு முதலில் சம்மன் கொடுங்கள் என்று கேட்கத் துணிவு இருக்கிறது.

பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். பிள்ளைகளுக்கு நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். பள்ளி திறக்கும் சமயத்தில் நம் சங்கங்களும் ஆலயங்களும் புத்தகப்பையும் காலணியும் வழங்குகின்றன. சைக்கிளில் வரும் பிள்ளைக்கு அதோடு ஒரு தலைக்கவசத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம்வைத்தால் ஒரு சனிக்கிழமைக் காலையில் முடிகிற வேலை. தொழிலாளர்களுக்கு முதலாளிகள் வாங்கித் தரட்டும். வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பாதுகாப்பு உண்டு. 2019 முதல் அந்நியத் தொழிலாளர்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர் பாதுகாப்பாக வந்துபோவது வேலையைச் சார்ந்த விஷயம் என்று நாடே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, ஒரு விளக்கும் தலைக்கவசமும் வாங்கித் தருவது தொழிற்சாலைக்குப் பெரிய செலவாகிவிடாது.

வாங்கினால் மட்டும் போதாது, சரியாக மாட்ட வேண்டும். பாதிப் பிள்ளைகள் தொப்பியைப் போலப் பின்னந்தலைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். நெற்றி முழுவதும் வெளியே தெரிகிறது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கலாம். இரண்டு வாரும் காதுக்குக் கீழே வந்து சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், கை நுழையக் கூடாது. மாட்டிய பிறகு தலையை ஆட்டச் சொல்லுங்கள்; தலைக்கவசம் தனியாக ஆடினால் வாரை இறுக்க வேண்டும்.

எந்தத் தமிழ்ப்பள்ளி அழைத்தாலும் வந்து பிள்ளைகளுக்கு வாரைச் சரிசெய்து கொடுக்கிறேன். கூடவே அவர்களுடைய பிரேக்கையும் பார்த்துவிடுகிறேன். பணம் வேண்டாம். எங்கே வாங்கிய தலைக்கவசமாக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர்,
ஜெலுத்தோங், பினாங்கு